உகந்தா காத்து

காத்தைச் சாக்குல பிடிச்சுக் கட்டிச் சந்தையில விக்க முடியுமான்னு யாராவது கேட்டா, அந்த ஆள் வெள்ளூரணிக்காரன் இல்லைன்னு அர்த்தம். எங்க ஊர்ல எவனும் அப்படிக் கேக்க மாட்டான். எங்க ஊர்க்காரன் கேக்குறதெல்லாம், இந்த வாரக் காத்து போன வாரத்தை விட ஏன் இளப்பமா இருக்கு, முழுச் சாக்கு வாங்குனா கொசுறு கிடையாதா, இதுதான். நான் அந்த வியாழக்கிழமைச் சந்தையில இருபத்தாறு வருசமாப் பழைய சாக்கு விக்கிறவன். முதல் காத்தைக் கட்டுன சாக்கு என் கடைச் சாக்கு. அதனால இதைச் சொல்ல என்னை விட்டா ஆள் கிடையாது. சொல்லும்போது எனக்குக் கோவம் வரும், வந்தா வரட்டும், நீங்க பொறுத்துக்கிடணும்.

அந்த வருசம் ஆனி போயி ஆடி பிறந்தும் ஊருக்குக் காத்து வரல. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க. அந்த ஆடியில எங்க ஊர் அம்மி மேல ஒட்டியிருந்த மிளகாத் தோல்கூட அசையல. களத்துல அடிச்சுப் போட்ட சோளம் தூத்த வழியில்லாம தூசியும் தும்புமாக் கிடந்துச்சு, அடுப்புப் புகை கூரைக்கு மேல நேரா எந்திரிச்சுப் போயி அங்கேயே நின்னுச்சு, காயப்போட்ட வேட்டி காயப்போட்ட மாதிரியே விறைச்சுத் தொங்குச்சு, மூணு மாசமா ஒருத்தர் வீட்டுக் குழம்பு வாசனை அடுத்த வீட்டுக்குப் போகாததால யார் வீட்டுல என்ன சமையல்னு தெரியாம பொம்பளைங்க பேச்சே பாதி குறைஞ்சு போச்சு.

அப்பத்தான் வெயிலுகந்தாள் அந்தக் காரியத்தைப் பண்ணுனா. அம்மன் பேரு அது, எங்க பக்கம் வைக்கிற பேருதான். ஊர்ல உகந்தா, உகந்தான்னு கூப்பிடுவோம். புருசன் செத்தப்புறம் மிளகா வத்தல் மூட்டையைத் தலையில தூக்குனவ. மேற்க ஊசிக்கணவாயைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தையில வத்தலை வித்துட்டு வெறுஞ்சாக்கை உதறிக்கிட்டே திரும்பி வருவா. ஊசிக்கணவாய்ங்கிறது ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு ஆளும் ஒரு ஆடும் சேர்ந்து போற அளவு சந்து. அன்னைக்கு அந்தச் சந்துல காத்து அவ கைச்சாக்கைப் பிடுங்குச்சு. அவ விடல. சாக்கு வாயைத் திறந்துகிட்டு உப்புச்சு, உப்பி அவளை இழுத்துச்சு, இவளுக்குக் கோவம் வந்துருச்சு. "எங்கிட்டயா உன் வேலை"ன்னு சொல்லிச் சாக்கு வாயை முறுக்கி, இடுப்புல இருந்த கயித்தால இறுக்கிக் கட்டி, தலையில வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா. வர்ற வழியெல்லாம் மூட்டை மேல மேல எந்திரிச்சதால ஒரு கல்லையும் சேர்த்து வச்சுச் சுமந்தாளாம். வீட்டுக்குள்ள கட்டை அவுத்தா, மூணு மாசத்துப் புழுக்கம் முழுக்க வாசல் வழியா வெளிய போச்சு, காலண்டர் தாளெல்லாம் தை மாசம் வரைக்கும் புரண்டுச்சு.

அடுத்த வியாழக்கிழமை ரெண்டு மூட்டையோட சந்தைக்கு வந்து என் கடைக்குப் பக்கத்துல உக்காந்தா.

இங்க ஒரு விசயம் சொல்லிரணும், இல்லைன்னா பின்னாடி நடக்குறது உங்களுக்கு விளங்காது. எங்க சந்தையில போணிதான் எல்லாம். அன்னைக்கு முதல் யாவாரம் யார் கையால ஆகுதோ, அந்தக் கைதான் அன்னைக்குப் பொழுதுக்கும். போணிக்கு வந்த ஆளை வெறுங்கையோட அனுப்பக் கூடாது, அவர் கேட்டதைக் குடுத்துறணும், நட்டமானாலும் சரி. போணி ஆகுற வரைக்கும் வாயில "இல்லை"ங்கிற வார்த்தை வரக் கூடாது. "அப்புறம் பாக்கலாம்", "வேற எதாவது கேளுங்க", இதெல்லாம்கூட "இல்லை"க்குச் சமம்தான். போணியில இல்லைன்னு சொன்ன கடையில அன்னைக்கு வேற ஆள் கால் வைக்க மாட்டான், அந்தத் தரித்திரம் தன் கையிலயும் ஒட்டிக்கும்னு பயம். இதை எங்களுக்கு யாரும் எழுதி வைக்கல, ஆனா சந்தையில உக்காந்த எல்லாருக்கும் தெரியும்.

உகந்தா என்னைப் பாத்துச் சொன்னா, "அண்ணாச்சி, சாக்கு குடுத்த கை உங்க கை. நீங்களே போணி பண்ணிருங்க."

நான் சிரிச்சேன். "போ தாயி. காத்தைக் காசு குடுத்து வாங்குனேன்னு தெரிஞ்சா என் வீட்டுலயே எனக்குச் சோறு போட மாட்டாங்க"ன்னு சொன்னேன். சொன்ன இந்த வாயை இப்ப நினைச்சா எனக்கு ஆத்திரமா வருது. அன்னைக்கு அவ பொழுது சாயுற வரைக்கும் போணியில்லாம உக்காந்திருந்தா. அடுத்த வாரமும் அப்படித்தான். அதுக்கு அடுத்த வாரமும். ஊரே வந்து பாத்துச்சு, மூட்டையைக் குத்திப் பாத்துச்சு, காதை வச்சுக் கேட்டுச்சு, "உள்ள எதோ முனகுதுடீ"ன்னு சொல்லிச் சிரிச்சுட்டுப் போச்சு. பைத்தியம்னு சொன்னாங்க, மலையில பேயைப் பிடிச்சுக் கட்டிட்டு வந்துட்டான்னு சொன்னாங்க. அவ தலைக்கு மேல ஒரு பொட்டு நிழல் கிடையாது. வத்தல் யாவாரமும் போச்சு.

சந்தைக் குத்தகைக்காரர் மட்டும் மூணு வாரமும் தவறாம வந்தார். அவர் வச்சிருந்த பட்டியல்ல காய்கறி உண்டு, கருவாடு உண்டு, பானை சட்டி உண்டு, காத்து கிடையாது. நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டிப் பாத்தார். மூட்டை அசையுது, உள்ள இருந்து சத்தம் வருது, அதனால இது கால்நடைன்னு எழுதி மாட்டுக்குரிய வரியைக் கேட்டார். "மாடு எங்க அண்ணாச்சி இருக்கு?"ன்னு உகந்தா கேட்டதுக்கு, "உனக்கு முன்னாடி யாராவது வித்திருந்தா அதைப் பாத்து எழுதியிருப்பேன், நீ முதல் ஆளா வந்தா நான் என்னம்மா பண்றது"ன்னு சொல்லிட்டுச் சீட்டைக் கிழிச்சுக் குடுத்தார். ஒரு போணிகூட ஆகாத பொம்பளை மூணு வாரம் மாட்டு வரி கட்டுனா.

நாலாவது வாரம் சீனியம்மா வந்தா. கீழத்தெருவுல ஒத்தைப் பசுவை வச்சுப் பால் ஊத்துறவ. பசு நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கு, மாட்டு டாக்டர் வந்து காத்தோட்டமா வைங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார், இந்த ஊர்ல காத்தோட்டத்துக்கு நான் எங்க போக, குடு ஒரு மூட்டைன்னு சொல்லி வாங்கிட்டுப் போனா. அதுதான் போணி. ஊரே அவ பின்னாடி போச்சு. தொழுவத்துக்குள்ள நின்னு சீனியம்மா கட்டை ஒரே இழுப்புல அவுத்தா, தொழுவத்துக் கூரை எந்திரிச்சு ஊரணியில போயி விழுந்துச்சு. பசு பிழைச்சுக்கிச்சு. ஆனா கூரை போச்சேன்னு ஊர் கத்துச்சு, சீனியம்மாவை விட ஊர்தான் அதிகமாக் கத்துச்சு. உகந்தா தன்னோட ரெண்டு ஆட்டை வித்து ஓலை வாங்கி, தானே மேல ஏறி உக்காந்து மூணு நாள்ல கூரையை வேஞ்சு குடுத்தா.

அதுல இருந்துதான் ரெண்டு விரக்கடை மட்டும் வாய் திறக்குற அந்த முடிச்சைக் கண்டுபிடிச்சா. இப்ப எங்க ஊர்ல எல்லாக் குழந்தைக்கும் தெரியும் அந்த முடிச்சு, யார் சொல்லிக் குடுத்ததுன்னுதான் தெரியாது. பிளாஸ்டிக் சாக்குல கட்டுனா காத்து வேர்த்து மத்தியானத்துக்குள்ள நாறிப்போகும்னு அவதான் கண்டுபிடிச்சா, ஒரு வாரச் சரக்கை முழுசா ஊருக்கு வெளிய கொண்டு போயிக் கொட்டிக் கண்டுபிடிச்சா. துணிப்பையில கசியும், கோணிச்சாக்குல உள்பக்கம் புளியங்கொட்டைப் பசையை ரெண்டு தடவை பூசி நிழல்ல உலர்த்துனா மூணு நாள் தாங்கும். உச்சி வெயில்ல பிடிச்ச காத்து சூடேறிச் சாக்கையே கிழிச்சிரும், அதைக் குடிச்சா மேலுவலி, அவளுக்கே பதினோரு நாள் காய்ச்சல் அடிச்சுச்சு. பொழுது சாயுற நேரத்துக் காத்து வீட்டுல சண்டையை மூட்டும். பொழுது விடியுறப்ப, பாறை இன்னும் சில்லுனு இருக்கும்போது பிடிச்சாத்தான் அது காத்து. படுக்க வச்சா மக்கிப் போகும், தொங்கவிடணும். இத்தனையும் அவ உடம்பைப் போட்டு, ஆட்டைப் போட்டு, பேரைப் போட்டுத் தெரிஞ்சுகிட்டது.

பிறகு ஊர் வாங்க ஆரம்பிச்சுச்சு, வாங்குனா எங்க ஊரை மாதிரி வாங்குற ஊர் கிடையாது. களத்துல சோளம் தூத்த மூணு மூணு சாக்கா வாங்குனாங்க, காத்துள்ளபோதே தூத்திக்கோன்னு சொன்ன பெரியவங்க எங்க ஊர்க் களத்துக்கு வந்திருந்தா உகந்தாளைக் கும்பிட்டிருப்பாங்க. தலைக்கு ஊத்துன பொம்பளைங்க அரைச்சாக்கை வாங்கி நாலு பேரா வட்டமா உக்காந்து கூந்தலைக் காய வச்சாங்க, பொண்ணு குடுக்குறவங்க சீர்வரிசையில குத்துவிளக்குக்குப் பக்கத்துல ரெண்டு மூட்டைக் காத்தை மஞ்சத் தடவி வச்சாங்க, கேதத்துக்கு மாலை வாங்குற மாதிரி ஒரு சாக்கு வாங்கிட்டுப் போயிச் சுடுகாட்டுல புகை நிக்காம அவுத்துவிட்டாங்க, டீக்கடைக்காரர் அடுப்பு வாயில ஒரு சாக்கைக் கட்டி வச்சுட்டு ஊதுகுழலைத் தூக்கிப் போட்டார், கோயில் பூசாரி மட்டும் காசுக்கு வாங்குன காத்துல அம்மன் தீபம் ஆடக் கூடாதுன்னு பத்து நாள் வீம்பு பண்ணிட்டுப் பதினோராம் நாள் சாக்கைப் பின்பக்க வழியா வாங்குனார். பைத்தியம்னு சொன்ன அதே ஆளுங்க இப்ப மூட்டையைத் தட்டிப் பாத்துட்டு "என்ன உகந்தா, ஈரப்பதமே காணும்"னு மூஞ்சியைச் சுளிச்சாங்க. ஒருத்தன் வெறுஞ்சாக்கைத் தூக்கிட்டு வந்து, பாதிதான் இருந்துச்சு, மீதியைக் குடுன்னு நின்னான். குடுத்தா அவளும்.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. ஊர்ல யாரும் காத்துன்னு கேக்கல. "ஒரு உகந்தா குடு", "அரை உகந்தா போதும்", "இன்னைக்கு வீட்டுல உகந்தா தீந்துபோச்சு". அவ பேரே அந்தச் சரக்குக்குப் பேரா ஆயிருச்சு. முதல்ல வந்தவளுக்கு ஊர் குடுத்தது அது ஒண்ணுதான். அவளுக்கு அதுல அம்புட்டுச் சந்தோசம். என் கிட்ட வந்து, "அண்ணாச்சி, எங்கய்யா வச்ச பேரை ஊரே சொல்லுது"ன்னு வெக்கப்பட்டுச் சொன்னா.

இதையெல்லாம் ஒருத்தர் எதிர் வரிசையில இருந்து பாத்துக்கிட்டே இருந்தார். ஆவுடையப்பன், மின்விசிறிக் கடை முதலாளி. அதிர்ந்து பேச மாட்டார், யாரைப் பாத்தாலும் கையைக் கூப்புவார், நெத்தியில திருநீறு கலையாது. உகந்தா போணியில்லாம உக்காந்திருந்த நாள்ல அவர் ஒருநாளும் சிரிக்கல, அதுக்காக அவர் நல்லவர்னு நான் அப்ப நினைச்சேன். அவர் சிரிக்காம இருந்தது வேடிக்கை பாக்கத்தான். கூரை பறந்தப்ப பாத்தார், சாக்கு நாறுனப்ப பாத்தார், அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஆள் அனுப்பி விசாரிச்சார். ஆத்துல ஆழம் எங்க இருக்குன்னு அவ கால்தான் அவருக்கு அளந்து சொல்லுச்சு.

சரக்கு நல்லா ஓட ஆரம்பிச்ச ஒரு வியாழக்கிழமை, விடிஞ்சும் விடியாம முதல் ஆளா வந்து நின்னார். "தங்கச்சி, போணி பண்ணலாமா?" ஒரு முழுச் சாக்கு வாங்குனார், காசைக் கொஞ்சமும் குறைக்காம குடுத்தார். உகந்தாளுக்குத் தலைகால் புரியல, முதலாளி கையால போணின்னு.

அடுத்த வியாழக்கிழமையும் அவர்தான் முதல் ஆள். காசை அவ உள்ளங்கையில வச்சார், வச்சுட்டு, "எனக்குச் சாக்கு வேண்டாம் தங்கச்சி. உள்ள என்ன பூசுறேன்னு மட்டும் சொல்லு"ன்னார்.

நான் பக்கத்துல இருந்து இருமுனேன். அவ என்னைப் பாத்தா, கையில இருந்த காசைப் பாத்தா, சொல்லிட்டா. புளியங்கொட்டையை எப்படி வறுக்கணும், எத்தனை தடவை பூசணும், முடிச்சுல எந்த விரல் மேல வரணும், எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னா.

மூணாவது வியாழக்கிழமை அவர் வர்றதைப் பாத்ததுமே நான் எந்திரிச்சுப் போயி அவ காதுல சொன்னேன், "எடத்தைக் கேப்பாரு தாயி. சொல்லாத. உன் சோத்துப்பானை அது."

"போணி அண்ணாச்சி"ன்னா. "போணியில எப்படி இல்லைன்னு சொல்ல? நாலு வாரம் போணிக்கு ஏங்குனவ நான். போணிக்கு வந்த ஆளை வெறுங்கையா அனுப்புனா நாளைக்குச் சீனியம்மா எனக்குக் குடுத்த கைராசி போயிரும்."

அவர் கேட்டார். அவ ஊசிக்கணவாயைச் சொன்னா. ரெண்டு பாறையையும் சொன்னா, பாறை சில்லுனு இருக்கணும்னு அதையும் சேர்த்துச் சொன்னா. உலகத்துல வேற எந்த ஊர் யாவாரி இப்படித் தன் கழுத்தைத் தானே நீட்டுவான்? எங்க ஊர் யாவாரிதான் நீட்டுவான், அதுவும் அந்த ஆளுக்கு நல்லாத் தெரியும். அவரும் எங்க சந்தையில பிறந்து வளந்தவர்தானே.

ரெண்டே மாசம். கணவாய்க்குப் போற நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சந்துக்குக் குறுக்க இரும்புக் கேட்டுப் போட்டுப் பூட்டுனார். காத்துக்குப் பூட்டு, பாத்துக்கோங்க. உகந்தா விடியக்காலம் போயிக் கேட்டுக் கம்பிக்கு வெளிய சாக்கைப் பிடிச்சு, கம்பி வழியாக் கசியுற காத்துல கால் சாக்கு, அரைச்சாக்குன்னு கொண்டு வந்தா. அவர் விசிறிக் கடை வாசல்ல நீல எழுத்துல போர்டு வச்சார். "வெள்ளூரணியில் முதன்முதலில் காற்று அறிமுகம்: ஆவுடையப்பன் நிறுவனம்." முதன்முதலில். அந்த வார்த்தையைப் படிச்சுட்டு நான் ரோட்டுல நின்னு காறித் துப்புனேன், உண்மையாவே துப்புனேன். குத்தகைக்காரர் பட்டியலைத் தூக்கிட்டு அங்கயும் போனார். முதலாளி ஒரு காப்பி வரவழைச்சுக் குடுத்து, "தராசுல வைங்களேன் பாப்போம்"னார். வச்சார், முள்ளு அசையல. எடையில்லாத சரக்குக்கு வரியில்லைன்னு எழுதிட்டு வந்துட்டார். எதிர் வரிசையில உகந்தா மாட்டு வரி கட்டிக்கிட்டுத்தான் இருந்தா.

அவருக்கு நான் சாக்கு வித்தேனான்னு கேக்குறீங்களா? வித்தேன். அறுபது சாக்கு வித்தேன். சாக்கு விக்கிறவன் சாக்கு விப்பான்னு அப்ப எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பிறகு அவருக்குக் கோணிச்சாக்கும் புளியங்கொட்டையும் நேரம் பிடிக்கிற வேலையாத் தெரிஞ்சதும், பேர் அச்சடிச்ச பளபளப்பான பிளாஸ்டிக் பைக்கு மாறிட்டார். கேட்டுக்கு உள்ள பெரிய மிசினை வச்சு உச்சி வெயில்லயும் அடைச்சார். உகந்தா அவரைத் தேடிப்போயி, "அய்யா, உச்சிக் காத்து ஆகாது, பிளாஸ்டிக்கு ஆகாது, நான் பட்டவ சொல்றேன்"னு சொன்னா. "அனுபவசாலி சொன்னாச் சரியா இருக்கும் தங்கச்சி"ன்னு கையைக் கூப்பி அனுப்பி வச்சார்.

பங்குனி மாசம் ஒரு மத்தியானம் சீனியம்மா வீட்டுல அவர் பை ஒண்ணு வெடிச்சுச்சு. தொழுவத்துச் சுவர் சாஞ்சு, உகந்தா காத்துல பிழைச்ச அதே பசுவோட காலு ஒடிஞ்சு போச்சு. கூட்டம் கூடுச்சு. கூடுனவங்க எல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா? "உகந்தா வெடிச்சிருச்சு." தெருத்தெருவா அதுதான் பேச்சு. "உகந்தா வெடிச்சு மாடு போச்சாம்." பையில அச்சடிச்ச பேரு ஆவுடையப்பன் பேரு, ஊர் வாயில உகந்தா பேரு.

பஞ்சாயத்துல அவளைக் கூப்பிட்டு நிக்க வச்சாங்க. "அது என் சாக்கு இல்லைங்க"ன்னு சொன்னா. சீனியம்மாவும் பிஞ்ச பையைத் தூக்கிக் காட்டி, "இது அவ குடுத்தது இல்லை"ன்னு சொன்னா.

தலைவர் தலையைச் சொறிஞ்சுட்டு, "யார் சாக்குன்னு யாரும்மா கேட்டது? பேரு உன் பேருதானே?"ன்னார்.

ஆவுடையப்பன் எந்திரிச்சார். மெதுவாத்தான் பேசுனார். "தங்கச்சி மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒரு புதுத் தொழிலை ஊருக்குள்ள முதல்ல கொண்டு வந்தவங்கதான் அதோட நல்லது கெட்டதுக்குப் பொறுப்பு எடுத்துக்கணும். நாங்கல்லாம் பின்னால வந்தவங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. நான் எந்திரிச்சு, "முதலாளி, உங்க போர்டுல முதன்முதலில்னு யார் பேரைப் போட்டிருக்கு?"ன்னு கேட்டேன்.

அவர் கொஞ்சமும் சங்கடப்படல. "அண்ணாச்சி, அது விளம்பரம். இது விசாரணை"ன்னார். நாலு பேர் தலையாட்டுனாங்க. தலையாட்டுனவங்கள்ல ஒருத்தன், பாதிதான் இருந்துச்சுன்னு வெறுஞ்சாக்கோட வந்து நின்னவன்.

தீர்ப்பு இதுதான்: கண்டவங்க காத்து விக்கிறது ஆபத்து, இனிமே சிமிண்டுக் கூரை போட்ட கடை உள்ளவங்க மட்டும்தான் விக்கலாம், சந்தையில உகந்தா உக்காந்த இடம் ரத்து. ஊர்ல சிமிண்டுக் கூரையோட ஒரே ஒரு காத்துக் கடை தயாரா நின்னுச்சு, ஆவுடையப்பன் புதுசாக் கட்டுனது. அடுத்த வியாழக்கிழமை சந்தைக்கு நடுவுலயே அதுக்குத் திறப்பு விழா. வீடு வீடாப் பத்திரிகை வச்சார், உகந்தா வீட்டுலயும் வச்சார்.

அவ அந்த ஒரு வாரமும் அழுவாளோன்னு பாத்தேன், அழல. வத்தலுக்குத் திரும்பப் போயிரு தாயின்னு சொன்னேன். "வத்தலுக்கும் அந்தக் கணவாயைத் தாண்டித்தானே அண்ணாச்சி போகணும்"னு சொன்னா. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு, கேட்டு அவளை எந்த அளவுக்கு அடைச்சிருக்குன்னு. அந்தப் பூட்டு திறக்கலைன்னா அவளுக்குக் காத்தும் இல்லை, வத்தலும் இல்லை, ஊரை விட்டுப் போறதைத் தவிர வேற வழி இல்லை.

வியாழக்கிழமை வந்துச்சு. வாழைமரம் கட்டி, மேளம் வச்சு, அந்த நீல எழுத்துப் போர்டைப் புதுக்கடை வாசலுக்கு மாத்தி, நூறு பளபளப்புப் பையை வரிசையாத் தொங்கவிட்டு, ஆவுடையப்பன் பட்டு வேட்டியில நின்னார். முதல் போணிக்குப் பஞ்சாயத்துத் தலைவர் வர்றதா ஏற்பாடு. தலைவர் மாலையைச் சரி பண்ணிக்கிட்டு நின்ன அந்த ஒரு நிமிசத்துல, கூட்டத்துக்குள்ள இருந்து உகந்தா படியேறி மேல போயிட்டா. பத்து ரூபாத் தாளை எடுத்து மேசை மேல வச்சா.

"போணி பண்ண வந்திருக்கேன் அய்யா."

மேளக்காரங்க நிறுத்திட்டாங்க. ஆவுடையப்பன் கையைக் கூப்புனார். "வா தங்கச்சி. முழுப் பையா, அரைப் பையா?"

"பை வேண்டாம். ஊசிக்கணவாய்க் கேட்டுச் சாவி வேணும்."

சந்தையில அப்ப இருந்த சத்தம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தொங்கவிட்ட பைகளோட முனகல் மட்டும்தான். அவர் தாளைப் பாத்தார், கூட்டத்தைப் பாத்தார், தலைவரைப் பாத்தார். அவர் நெத்தித் திருநீறு முதல் தடவையா வேர்வையில கலைஞ்சதை நான் பாத்தேன். கடைசில சிரிச்சுக்கிட்டே, "தங்கச்சி, வேற எதாவது கேளேன்"ன்னார்.

அவ்வளவுதான். முதல்ல கருவாட்டுக்காரி கூடையைத் தூக்குனா. அடுத்து டீக்கடைக்காரர் படியிறங்குனார். பிறகு கூட்டம் கூட்டமா இறங்குனாங்க, தலைவர் மாலையைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு இறங்குனார், மேளக்காரங்க கூலியைக் கேக்காமயே போயிட்டாங்க. இவங்க யாரும் உகந்தாளுக்காக இறங்கல, அதை நீங்க தெளிவாப் புரிஞ்சுக்கணும். அவ தொழிலைப் பறிச்சப்ப ஒருத்தன் வாயைத் திறக்கல, அவ பேரைக் கெடுத்தப்ப கூடச் சேர்ந்து பேசுனாங்க, அவ இடத்தைப் பிடுங்குனப்ப தலையாட்டுனாங்க. நியாயத்துக்கு அசையாத கால், போணி கெட்டுப்போன கடையில நின்னாத் தரித்திரம் ஒட்டிக்கும்னதும் ஓடுச்சு. எங்க ஊர் அப்படிப்பட்ட ஊர், நானும் அந்த ஊர்க்காரன்தான்.

பொழுதுக்கும் அந்தக் கடையில ஒரு ஈ உக்காரல. மத்தியானத்துக்கு மேல பைங்க வேர்த்து நாற ஆரம்பிச்சுச்சு. உகந்தா என் சாக்குக் கட்டு மேல உக்காந்திருந்தா. வெயில் இறங்குறப்ப ஆவுடையப்பன் செருப்பில்லாம நடந்து வந்து சாவியை அவ மடியில வச்சார். "போணி பண்ணிரு தங்கச்சி"ன்னார். அவ பத்து ரூபாத் தாளை நீட்டுனா. அத்தனை கோவத்துலயும் அந்த மனுசன் பழக்கத்துல அந்தத் தாளைக் கண்ணுல ஒத்திக்கிட்டார், அதைப் பாத்து எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

மறுநாள் காலையில அவ போயிக் கேட்டைத் திறந்தா, திறந்த பூட்டைக் கழட்டிக் கையோட கொண்டு வந்துட்டா. கேட்டு அதுக்கப்புறம் மூடல. சிமிண்டுக் கூரைத் தீர்ப்பும் தானாச் செத்துப் போச்சு, அந்தக் கடைப் பேரையே யாரும் வாயில எடுக்காத அந்த மாசத்துல ஊருக்குக் காத்து வேணுமே. என் இடத்துல பாதியை அவளுக்குக் குடுத்தேன். மூட்டை பறக்காம இருக்க மேல அந்தப் பூட்டைத்தான் வைக்கிறா. இப்பச் சந்தையில பதினோரு பேர் காத்து விக்கிறாங்க, அத்தனை பேரும் அவ முடிச்சைப் போடுறாங்க, நாலு பேர் அவளை விடக் குறைச்சு விக்கிறாங்க. ஆவுடையப்பனும் அடுத்த மாசம் நல்ல நாள் பாத்துத் திரும்பத் திறந்துட்டார், நல்லாவே ஓடுது, ஊருக்கு மறதி சீக்கிரம் வரும். போர்டும் அப்படியே இருக்கு. குத்தகைக்காரர் உகந்தா கிட்ட மட்டும் மாட்டு வரிதான் வாங்குறார், முதல்ல எழுதுனதை மாத்த முடியாதாம்.

அதனால நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும். வெள்ளூரணிப் பக்கம் என்னைக்காவது வந்தா, வியாழக்கிழமையாப் பாத்து வாங்க. விடிஞ்சதும் நேரா அந்தச் சிமிண்டுக் கடைக்குப் போங்க, வேற யாரும் வர்றதுக்கு முன்னாடி நீங்கதான் முதல் ஆளா நிக்கணும். மேல இருக்குற நீல எழுத்தை ஒரு தடவை நிதானமாப் படிங்க. படிச்சுட்டு, காசை மேசையில வச்சு, எங்க ஊர்ல எல்லாரும் கேக்குற மாதிரியே, "ஒரு உகந்தா குடுங்க முதலாளி"ன்னு கேளுங்க. போணி நேரம், இல்லைன்னு அவர் சொல்ல முடியாது. எடுத்துக் குடுப்பார். குடுக்கும்போது அவர் மூஞ்சியைப் பாருங்க, பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க, எதிர் வரிசையில சாக்குக் கடையிலதான் இருப்பேன்.